நாலாவது கப்பில் இல்லாத வாசனை

அத்தியாயம் 6

“பாஸ், இந்த ஏப்ரன்ல நீங்க துப்பறியறவர் மாதிரியே இல்ல. வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே தட்டை உடைச்ச சர்வர் மாதிரி இருக்கீங்க.”

“வாயை மூடு.”

“மூடிட்டா உங்களுக்கு யாரு மோந்து பார்த்துச் சொல்றது?”

பாஸ் ஏப்ரன் முடிச்சை இறுக்கிக் கட்டினார். அவர் முகத்தில் முக்கால்வாசி இடத்தை மூக்கு பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து கடை திறந்திருக்கிறதே தவிர வியாபாரம் இல்லை. ரோஜாவும் சாக்கடையும் அவருக்கு ஒன்று. எங்கள் இருவரையும் தெரிந்தவர்கள் ‘மூக்கும் வாயும்’ என்றுதான் சொல்வார்கள். வேலை செய்யாத மூக்கு அவர், ஓயாத வாய் நான். அப்படிப்பட்டவரைப் பிடித்து பீர் ருசி பார்க்கும் போட்டியில் துப்பறியச் சொன்னால், மொட்டைத் தலையனுக்குச் சீப்பு வாங்கிக் கொடுத்த கதைதான்.

நாங்கள் நின்றது ஒரு ஓட்டல் ஹாலுக்குப் பின்னால் இருந்த சமையலறையில். கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. அதன் வழியே பார்த்தால் நீள மேஜை, வெள்ளைத் துணி, மூன்று நடுவர்கள். ஆளுக்கு ஆறு கப் வைப்பார்கள். கப்பில் நம்பர் மட்டும்தான் இருக்கும். எது யார் காய்ச்சியது என்பது போட்டிச் செயலாளரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. இந்தப் போட்டியின் உயிரே அதில்தான் இருக்கிறது.

அந்த உயிரைத்தான் யாரோ எடுத்துவிட்டதாகக் காலையில் ஒரு புகார். புகார் கொடுத்தவர் போன வருஷம் ஜெயித்தவர். தூங்கும்போதும் தொப்பியைக் கழற்ற மாட்டார் போலிருக்கிறது, எல்லோரும் அவரைத் தொப்பி என்றே கூப்பிட்டார்கள். எங்கோ காதில் விழுந்த பேச்சை வைத்து, இந்த வருஷம் போட்டிக்கு வந்த ஒரு பெண்ணைக் காட்டி, ‘ஒரு நடுவர் அந்தம்மா கையில் இருக்கிறார்’ என்று அவர் செயலாளரிடம் சொல்ல, அந்தம்மா நேரே எங்களிடம் வந்துவிட்டாள்.

அந்தம்மாவை வேலை செய்கிற இடத்தில் மாஸ்டர் என்பார்கள். குட்டையான உருவம், வெட்டிய நகம், முழங்கை வரை பழைய சூட்டுக் காயங்கள். அவள் காய்ச்சுவது டாப்பல்பாக் என்ற ஜெர்மன் ரக லாகர். கறுப்பாக, கனமாக, வாரக்கணக்கில் குளிரில் ஊறி வருகிற சமாசாரம்.

“காய்ச்சுறீங்களா? போலீஸ் வராதா?” என்று நான் கேட்டேன்.

“லைசென்ஸ் இருக்கு தங்கச்சி. ஆனா லைசென்ஸ்ல மாமனார் பேரு. கடை போர்டுல இவர் பேரு.” பக்கத்தில் நின்ற கணவனைக் காட்டினாள். “இந்த வருஷம் ஜெயிக்கிற பீருக்கு, பாட்டில் மேல காய்ச்சினவங்க பேரைப் போட்டு வெளியூருக்கெல்லாம் அனுப்பறாங்க. என் பேரு எழுதியிருக்கிற பொருள்னு இந்த உலகத்துல இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல. அதுல போய் திருட்டுப் பட்டம் ஒட்டப் பார்க்கிறான் தொப்பி. அவன் சொல்றது பொய்னு நிரூபிச்சுக் குடுங்க சார். உண்மைன்னா அதையும் சொல்லிடுங்க.”

“உண்மையா இருந்தாலுமா?” என்றார் பாஸ்.

“இருக்காது. இருந்தா என் பீரை நானே தூக்கிட்டுப் போயிடறேன்.”

“அதெல்லாம் எதுக்கு இப்ப?” என்று கணவன் குறுக்கே வந்தான். நல்ல சிரிப்பு, நல்ல சட்டை, பார்த்தவுடன் எதையாவது வாங்கத் தோன்றும் முகம். விற்பனை அவன் பொறுப்பாம். “என் பொண்டாட்டி காய்ச்சினா சூப்பரா இருக்கும் சார். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நான் சூப்பரைத் தவிர வேற வார்த்தை சொன்னதில்ல. இல்லம்மா?”

மாஸ்டர் வெட்கப்பட்டாள். எனக்கும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. என் வீட்டில் நான் டீ போட்டால் ‘சூடா இருக்கு’ என்பதுதான் அதிகபட்சப் பாராட்டு.

ஆக நானும் பாஸும் சர்வர் வேஷத்தில் ஹாலுக்குள் நுழைந்தோம். பாஸ் கப்புகளை வைத்தார். நான் ரொட்டித் துண்டும் தண்ணீரும் வைத்தேன். இந்த நடுவர்கள் காலையிலிருந்து டீ, காபி தொடவில்லை. நாக்கு கெட்டுவிடுமாம். அதனால் குடிக்க ஒரு பெரிய ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் வைத்திருந்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்தவர் தலைமை நடுவர், தலை முழுக்கப் பஞ்சு. அவருக்கு வலது பக்கம் பேக்கரி நடத்துகிற ஒரு அம்மா. இடது பக்கம் கெமிஸ்ட்ரி வாத்தியார், சந்தேகப்படுவதற்கென்றே பிறந்த புருவம்.

பாட்டிலில் மிச்சமிருந்ததை எனக்கு ஊற்றிக்கொண்டு கதவோரம் நின்றேன். என் மூக்குதானே பாஸுக்கு வாடகை மூக்கு.

“சொல்லு” என்றார் பாஸ் மெதுவாக.

“ஒண்ணாம் நம்பர் ரொட்டியைத் தீய விட்ட வாசனை பாஸ். ரெண்டு பரவாயில்ல, ஆனா தண்ணி. மூணு தொண்டையில இறங்கும்போதே சண்டைக்கு வருது.”

“நாலு?”

நாலாவதை மோந்தேன். கொஞ்ச நேரம் என் வாய் வேலை செய்யவில்லை. நன்றாக வறுத்த ரொட்டியின் ஓரம், அதன் பின்னால் உலர்ந்த திராட்சை, கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் இறக்கிய சர்க்கரைப் பாகு. வெளிச்சத்தில் பிடித்தால் கறுப்பே இல்லை, விளிம்பில் மாதுளைச் சிவப்பு ஓடியது. ஒரு மடக்கு குடித்தேன். இவ்வளவு வீரியமான சரக்கு என்று நாக்குக்குத் தெரியவே இல்லை, காது மடல் சூடானபோதுதான் தெரிந்தது.

“இது வேற லெவல் பாஸ்.”

பாஸ் என்னைக் கவனிக்கவில்லை. மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். மோப்பம் போனதிலிருந்து மனுஷன் முகங்களைத்தான் மோந்து பார்க்கிறார்.

வாத்தியாரும் பேக்கரி அம்மாவும் மூன்று கப்புக்குச் செய்ததையே நாலாவதுக்கும் செய்தார்கள். கையால் மூடி, ஒரு சுழற்று சுழற்றி, மோந்து, பார்த்து, குடித்தார்கள். பஞ்சுத்தலை மட்டும் ஒரு தடவை மோந்துவிட்டுக் கப்பைக் கீழே வைத்தார். நெற்றியில் ஒரு கோடு விழுந்தது. பிறகு ரொட்டிக் கிண்ணத்தைக் காலி செய்து, அதில் ஃப்ளாஸ்க் வெந்நீரை ஊற்றி, நடுவில் கப்பை நிறுத்தி, மேலே ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்தார்.

“என்ன சார், குழந்தைக்குப் பால் சூடு பண்றீங்களா?” என்றார் வாத்தியார்.

“ரொம்ப ஜில்லுனு இருக்கு. மால்ட், அந்த வறுத்த தானிய வாசனை எழும்பல.”

காத்திருந்தார். கப் நன்றாகச் சூடானதும் தட்டை எடுத்து, அந்த ஆவிக்குள் மூக்கை விட்டார். மறுபடி மோந்தார். மூன்றாம் தடவை மோந்ததும் அவர் தோள் இறங்கியது. பரீட்சை ரிசல்டில் தன் மகன் நம்பரைக் கண்டுபிடித்த அப்பாவின் தோள் அது. அந்தச் சூடான பீரை அவர் குடிக்கவே இல்லை. பாட்டிலிலிருந்து இன்னொரு கப் வாங்கிக் குடித்து மதிப்பெண் போட்டார்.

ஐந்தாவதும் ஆறாவதும் அதே ஜில்லென்றுதான் வந்தன. அவற்றுக்கு வெந்நீர்க் குளியல் கிடைக்கவில்லை.

நடுவர்கள் தங்களுக்குள் பேசி முடித்தார்கள். மூன்று பேருமே நாலாவதைத்தான் முதலில் வைத்திருந்தார்கள். சந்தேகப் புருவ வாத்தியார்கூட, “குறை சொல்லணும்னா ரூம் போட்டு யோசிக்கணும்” என்றார். செயலாளரிடம் பாஸ் ஜாடையில் கேட்டார். நாலாவது மாஸ்டருடையது. ஆறாவது, அதாவது இரண்டாம் இடம், தொப்பியுடையது.

“முடிஞ்சுது பாஸ். ஒருத்தரை வளைச்சிருந்தாலும் மத்த ரெண்டு பேரும் முதல் இடம் குடுத்துட்டாங்களே. தொப்பிக்கு வயித்தெரிச்சல். மேடையில மன்னிப்பு கேட்கச் சொல்லிட்டு நாம வீட்டுக்குப் போகலாம்.”

“எல்லா கப்பும் ஒரே ஃப்ரிட்ஜ்லேர்ந்துதான வந்துது?”

“ஆமா, நான்தான் எடுத்துக் குடுத்தேன்.”

“அப்ப நாலாவது மட்டும் எப்படி ஜில்லுனு இருக்கும்?”

அவர் ஏப்ரனைக் கழற்றிக்கொண்டே நடந்தார். நேரே போய் நின்றது தொப்பியின் முன்னால். தொப்பி வராந்தாவில் ஒரு தொட்டிச் செடியை முறைத்துக்கொண்டிருந்தார்.

“ஒரு சந்தேகம். பீரை வெந்நீர்ல வச்சு, மூடி, சூடு பண்ணி மோந்து பார்ப்பாங்களா?”

“பார்ப்போமே. வெண்ணெய் டெஸ்ட்.”

“ரொட்டிக்குத்தான வெண்ணெய்?” என்றேன்.

“ஈஸ்ட் வேலையைப் பாதியில விட்டா பீர்ல வெண்ணெய் நாத்தம் அடிக்கும்மா. எங்க ரக பீருக்கு அது சாவு மணி. டேங்க்ல இருக்கும்போதே கொஞ்சம் சூடு ஏத்தி விட்டா, ஈஸ்ட்டே அதைத் தின்னு தீர்த்துடும். முழுசாப் போச்சான்னு பார்க்கத்தான் வெந்நீர்ல வச்சு மோந்து பார்க்கிறது. ஒளிஞ்சிருந்தா சூட்டுல வெளிய வந்துடும்.”

“போட்டி மேஜையில செய்வாங்களா?”

தொப்பி சிரித்தார். “பாட்டில்ல அடைச்சப்புறம் என்ன சார் டெஸ்ட்? நடுவர் வேலை கப்புல இருக்கிறதைச் சொல்றது. இல்லாததைச் சூடு பண்ணித் தேடுறது காய்ச்சுறவன் வேலை. அதுவும், முன்னாடி ஒரு தடவை அந்த நாத்தத்தைப் பார்த்துப் பயந்தவன் செய்யற வேலை.”

சொல்லிவிட்டு அவரே சிரிப்பை நிறுத்தினார். பாஸ் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினார். அவர் நடையில் வேகம் குறைந்திருந்தது. கேஸ் முடியப் போகும்போது வேகம் கூடும் மனுஷன் அவர். குறைந்தால் முடிவு பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

மாஸ்டர் சமையலறையில் இருந்தாள். செயலாளர் சொல்லி விஷயம் தெரிந்திருந்தது. முகமெல்லாம் வெளிச்சம்.

“மூணு பேருமா சார்? வாத்தியாருமா?”

“மூணு பேரும்தான்மா. ஒரே ஒரு கேள்வி. உங்க பீர்ல எப்பவாவது வெண்ணெய் நாத்தம் வந்துதா?”

வெளிச்சம் சட்டென்று அணைந்தது. “யார் சொன்னா உங்களுக்கு?”

“வந்துதா?”

“கொஞ்ச நாள்தான். டேங்க்ல இருந்தப்ப. எனக்கே மானம் போச்சு சார், வேலையாளுங்ககிட்டகூடச் சொல்லல. அந்த நேரம் பார்த்து என் தங்கச்சிக்குப் பிரசவம். சூட்டை ஏத்தி வச்சுட்டு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டேன். திரும்பி வந்து பார்த்தப்ப சுத்தமாப் போயிருந்துது. பாட்டில்ல ஒரு துளி நாத்தம் இல்ல.”

“நீங்க இல்லாதப்ப டேங்க் ரூம்ல யாரு?”

“பூட்டு. சாவி ரெண்டே ரெண்டு. என்கிட்ட ஒண்ணு...” அவள் நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள். “தினமும் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிக் கேட்பேன் சார். மோந்து பார்த்தீங்களா, நாத்தம் போச்சான்னு. முதல் நாளே சொல்லிட்டாரு, போயிடுச்சு, சூப்பரா இருக்குன்னு.”

“முதல் நாளே போயிடுமா?”

ஈஸ்ட் எவ்வளவு நாள் எடுக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அன்றைக்கு ஆஸ்பத்திரி அவசரத்தில் நம்பிவிட்டாள். நம்புவதற்குத்தானே புருஷன்? எனக்கு அவன் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது.

“வாய், ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா” என்றார் பாஸ். “வெந்நீர் ஃப்ளாஸ்க்கையும்.”

பஞ்சுத்தலை முதலில் வந்தார், பின்னால் சிரித்த முகத்தோடு கணவன். இருவரும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் மாதிரி சமையலறையின் இரண்டு ஓரங்களில் நின்றார்கள். பாஸ் ஒரு கிண்ணத்தில் வெந்நீரை ஊற்றி நடுவில் ஒரு கப்பை வைத்தார்.

“சார், டேங்க்ல மோந்தப்ப வெண்ணெய் ரொம்ப இருந்துதோ?”

பஞ்சுத்தலை கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு, இவ்வளவு நேரம் தன்னைத் தெரியாதவன் போல் நடித்த மாஸ்டரின் கணவனைப் பார்த்து வெடித்தார்.

“மாப்ளே, அப்பவே சொன்னேன்ல, இது வேணாம்னு?”

சொன்ன வேகத்திலேயே பாஸ் பக்கம் திரும்பினார்.

“ஒரு காசு வாங்கல சார்” என்றார் பஞ்சுத்தலை. “எங்க ரெண்டு பேருக்கும் பழைய பழக்கம். டேங்க்ல ஒரு கோளாறு, வந்து பாருங்கண்ணேன்னு கூப்பிட்டான். மோந்தேன், நல்லாவே இருந்துது நாத்தம். உங்க டேபிளுக்கு வந்தா கண்டுக்காம விட்டுடுங்கன்னான். நான் அன்னைக்கே நடுவர் வேலையை விட்டிருக்கணும். இன்னைக்கு நாலாவதை மோந்ததுமே புரிஞ்சுபோச்சு, இது அதுதான்னு. நாத்தம் இருந்தா என்ன பண்றதுன்னு பயம். சூடு பண்ணிப் பார்த்தேன். இல்ல. சத்தியமா இல்ல. நான் கண்டுக்காம விடறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல சார்.”

நான் மாஸ்டரைப் பார்க்காமல் இருக்கத்தான் முயற்சி செய்தேன். அவள் கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபத்தோடு இல்லை. பழகிய வீட்டில் ஒரு புது அறையைக் கண்டவள் போல.

“என்னைத் தோக்கடிக்கத்தான் யாரோ பண்றாங்கன்னு நினைச்சேன்” என்றாள்.

“தோக்கடிக்கவா? உனக்காகத்தான்மா பண்ணினேன்! நீ ஜெயிக்கணும்னுதான!”

“ஜெயிக்க மாட்டேன்னு நினைச்சீங்க.”

“அப்படி இல்லம்மா...”

“அவரைக் கூட்டிட்டு வந்து நாத்தம்னு காட்டியிருக்கீங்க. என்கிட்ட போன்ல சூப்பர்னிருக்கீங்க. ஊருக்குத் தெரியற உண்மை எனக்கு மட்டும் கிடையாதா?”

“நீ தாங்க மாட்டேன்னு...”

“வாத்தியாருக்கும் பேக்கரி அக்காவுக்கும் எதுவும் தெரியாது. அவங்க ரெண்டு பேரும் என்னைத்தான் முதல்ல வச்சாங்க. நீங்க சும்மா இருந்திருந்தா போதும். ஒண்ணுமே பண்ணாம, கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா போதும். நான் ஜெயிச்சிருப்பேன்.”

வேலியே பயிரை மேய்வது என்பார்கள். இந்த வேலி பயிர் வளராது என்று தானே முடிவு செய்து, அறுவடைக் கணக்கில் கூடுதலாக ஒரு மூட்டை எழுதச் சொல்லி வைத்திருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் கெட்டவனாக இருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

செயலாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். “மாஸ்டர், மேடைக்குக் கூப்பிடறாங்க.”

“நாலாம் நம்பரை எடுத்துடுங்க சார். தொப்பி சொன்னது உண்மை. காரணத்தை நானே வந்து மைக்ல சொல்றேன்.”

“ஏய், உன் பேரு போயிடும்மா!” கணவன் அவள் கையைப் பிடித்தான். “பாட்டில்ல உன் பேரு! யாருக்கும் தெரியாது. இந்த நாலு சுவத்துக்குள்ள...”

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். மேஜை மேல் நாலாவது பாட்டில் இருந்தது. அதில் மிச்சம் இருந்ததை ஒரு கப்பில் ஊற்றினாள், ஓரத்தில் சாய்த்து, நுரை சிதறாமல். கப்பை அவனிடம் நீட்டினாள்.

“குடிச்சுப் பாருங்க. எப்படி இருக்கு?”

அவன் குடித்தான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. மனதில் எவ்வளவோ இருந்திருக்கும், பாவம். ஆனால் இத்தனை வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

“சூப்பர்மா.”

“நாறினப்பவும் இதையேதான் சொன்னீங்க” என்றாள் மாஸ்டர். உள்ளங்கையை நீட்டினாள். “டேங்க் ரூம் சாவி.”

அவன் பாக்கெட்டில் துழாவினான். சாவி கை மாறும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பஞ்சுத்தலை எப்போது வெளியே போனார் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கணவனும் போய்விட்டான்.

வாசலில் தொப்பி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை. உள்ளே வந்து, கேட்காமலே அந்தக் கப்பை எடுத்து, கையால் மூடி, சுழற்றி, மோந்தார். ஒரு மடக்கு குடித்தார். விழுங்கின பிறகும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“என்னுதைவிட நல்லா இருக்கு” என்றார். “ஆனா விழுங்கினப்புறம், கடைசியில, இனிப்பு ஒரு இழை தூக்கலா நிக்குது. எழுந்து போக மாட்டேங்குது.”

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. குறை சொல்ல இதுவா நேரம்? வாயைத் திறந்தேன். பாஸ் என் முழங்கையைத் தொட்டுத் தடுத்தார்.

மாஸ்டர் கப்பை வாங்கினாள். ஒரு மடக்கு குடித்து, விழுங்கி, காத்திருந்தாள்.

“ஆமா” என்றாள். “நிக்குது.”

அதைச் சொன்ன பிறகுதான், சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் அழ ஆரம்பித்தாள்.